இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள், தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். அது 40,000 பங்குகளாகப் பகுக்கப்பெற்று, பங்கொன்றின் முகமதிப்பு 25 ரூபாய் என வைக்கப்பட்டது. ஆசியக் கண்டத்தார் எவரும் பங்குதாரர் ஆகலாம் என்பது விதி. அக்கம்பெனியின் உயிராக நின்ற வ.உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் ஓட்டிய கதையை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். கோவைச் சிறையில் செக்கிழுத்த கதையையும் படித்திருக்கிறோம். இவ்விரு கதைகளுக்கும் நடுவில், இடுப்பு முடிச்சிலிருந்து 25 ரூபாயை அவிழ்த்துக் கொடுத்துப் பங்குப் பத்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய சாதாரண மனிதன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றி நாம் பேசுவதில்லை. இக்கட்டுரை அவனைப் பற்றியது.

இதை எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த நாளொன்றில், தென்காசியில் கடை நடத்தும் உறவினர் ஒருவரின் மகன் என்னைத் தேடி வந்தான். கல்லூரி முடித்து முதற்சம்பளம் வாங்கியிருந்தான். "பெரியப்பா, கையில் ஐந்நூறு ரூபாய் இருக்கிறது. ஏதாவது ஒரு கம்பெனியின் பங்கு வாங்கலாம் என்று பார்க்கிறேன். ஏழு ரூபாய்க்குக்கூடப் பங்கு கிடைக்கிறதே, அதை வாங்கலாமா?" என்று கைப்பேசியை நீட்டினான். வங்கிப் பணியில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் என்பதால் இத்தகைய வினாக்கள் எனக்கு வருவதுண்டு. அவனுக்கு நான் சொல்லத் தொடங்கிய விடை ஏழு ரூபாயிலிருந்து இருபத்தைந்து ரூபாய்க்குப் போய், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை சென்றுவிட்டது. மழை விடவில்லை, அவனும் எழுந்து போகவில்லை.

ஆம்ஸ்டர்டாமிலிருந்தே தொடங்குவோம். சிறு தொகைக்குக் கம்பெனிப் பங்கு வாங்குதல் என்பது இக்காலத்துக் கைப்பேசி தந்த புதுமையன்று. 1602-ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவப்பட்டபோது, பொதுமக்கள் எவரும் விரும்பிய தொகையை எழுதிப் பங்கு பெறலாம் என்று அறிவிக்கப்பட்டது. டிர்க் வான் ஓஸ் என்னும் இயக்குநரின் வீட்டில் பேரேடு திறந்து வைக்கப்பட்டிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர் பெயர் எழுதினார்கள். ஆகஸ்டு 31-ஆம் நாள், பேரேடு மூடப்படும் இறுதி நேரத்தில், நேல்ட்கென் கார்னலிஸ் என்னும் பெண் 100 கில்டர் எழுதினாள். அவள் அந்த வீட்டிலேயே வேலை செய்த பணிப்பெண். நாள்தோறும் வந்து பெயர் எழுதிச் சென்றோரைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் தன் சேமிப்பையும் கொண்டுவந்து வைத்தாள் போலும். சிறு முதலீட்டாளரின் வரலாற்றை எழுதுவோர் இவளிடமிருந்தே தொடங்க வேண்டும்.

அந்த டச்சுக் கம்பெனிக்கும் நம் கரைக்கும் தொடர்பு உண்டு. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் முத்தும் துணியும் வணிகம் செய்தவர்கள் அவர்கள்தாம். டச்சு மொழியில் அக்கம்பெனியின் முதலெழுத்துகள் வி.ஓ.சி. அதே தூத்துக்குடியில் பின்னாளில் நம்மவர் ஒருவர் கம்பெனி தொடங்கியபோது அவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளும் வி.ஓ.சி.யாகவே அமைந்தன. வரலாறு சில வேளைகளில் இப்படித் தற்செயலாக விளையாடும்; அதற்கு மேல் இதில் பொருள் தேட வேண்டியதில்லை. குற்றாலத்துக்கும் கம்பெனி வாடை முன்பே வீசியிருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டி, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பயிரிட்டுப் பார்த்தது. லண்டனில் பங்கு வைத்திருந்தவர்களின் இலாப ஈவுக்காக நம் அருவிக்கரையில் மரம் நட்டார்கள் என்று இதைச் சொல்லலாம்.

இந்திய மண்ணில் பங்கு வணிகம் பெருவணிகமாக எழுந்தது பம்பாயில். இங்கே நம் சமூகத்து வாசகர்கள் நன்கறிந்த பெயர் ஒன்று வருகிறது. சூரத்தில் 1831-இல் பிறந்த சமணப் பெருவணிகர் பிரேம்சந்த் ராய்சந்த், பஞ்சு வணிகத்திலும் பங்கு வணிகத்திலும் பம்பாயையே ஆட்டிவைத்தவர். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போன பஞ்சு நின்றது. இந்தியப் பஞ்சின் விலை விண்ணை முட்டியது. நெல்லைச் சீமையின் கரிசல் பஞ்சுக்கும் அந்த நாள்களில் நல்ல விலை கிடைத்தது. பம்பாயில் குவிந்த பணம் போகும் இடம் தெரியாமல் புதுப்புதுக் கம்பெனிகளின் பங்குகளில் பாய்ந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கப் போவதாகச் சொன்ன பேக் பே கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு பத்து மடங்கு விலைக்குக் கைமாறியது. 1865-இல் போர் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள், முன்பேர ஒப்பந்தங்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய நாளில், தீர்க்கப் பணமின்றிப் பம்பாயே திகைத்தது. பிரேம்சந்தும் வீழ்ந்தார். பின்னர் மெல்ல மெல்ல எழுந்து தம் தொழிலையும் பெயரையும் மீட்டார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம் அவர் தாயாரின் பெயரால் அவர் அளித்த இரண்டு லட்சம் ரூபாய்க் கொடையில் எழுந்தது. கண்பார்வை குன்றிய அன்னையார் பொழுது சாயுமுன் உணவு கொள்ளக் கோபுர மணியோசை துணையாயிற்று என்று வழங்கும் கதையை நம் இல்லங்களில் கேளாதவர் இரார்.

அந்தப் பெருவீழ்ச்சியிலிருந்து பிறந்ததே ஒழுங்குமுறை. ஆலமரத்தடியில் நின்று விலை பேசிக்கொண்டிருந்த தரகர்கள் 318 பேர், ஆளுக்கு ஒரு ரூபாய் நுழைவுக் கட்டணம் செலுத்தி, 1875-இல் ஒரு சங்கமாக அமைந்தார்கள். அதுவே இன்றைய பம்பாய்ப் பங்குச் சந்தை. 5,000 ரூபாய்ப் பங்கு என்பது கோடீசுவரர்களின் விளையாட்டு. ஏழை அதில் நேராக நுழைய முடியாது. வீழ்ச்சியின்போது வேலையிழந்து துன்புற்றவர்களில் மட்டும் அவனுக்கு இடமுண்டு.

இந்தப் பின்னணியில்தான் தூத்துக்குடியின் 25 ரூபாயைப் பார்க்க வேண்டும். அது சிறு தொகையா? அன்று ஆங்கிலப் பவுன் ஒன்றின் சட்டபூர்வ மதிப்பு 15 ரூபாய். ஆகவே 25 ரூபாய் என்பது ஒன்றே முக்காலுக்குச் சற்றே குறைவான பவுன். எடையில் 13 கிராம் பொன். இன்றைய பொன் விலையில் கணக்கிட்டால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். ஆக, கூலியாளுக்கு அது எட்டாத தொகைதான். எனினும் சிறு வணிகன், பள்ளி ஆசிரியர், வக்கீல் குமாஸ்தா, ஓரிரு கோட்டை நெல் விற்ற உழவன் ஆகியோர் முயன்றால் எட்டக்கூடிய தொகை. அடுத்த ஆண்டு, 1907-இல், டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி பங்கு விற்றபோது சாதாரணப் பங்கு 75 ரூபாய். பின்னுரிமைப் பங்கு 30 ரூபாய். மூன்றே வாரங்களில் ஏறத்தாழ 8,000 இந்தியர்கள் அம்மூலதனம் முழுவதையும் எழுதித் தீர்த்தார்கள். சுதேசிக் கம்பெனியின் 25 ரூபாய் அதற்கும் கீழே நின்றது. விலையை அந்த அளவில் நிறுத்தியது தற்செயலன்று. பணக்காரர் பத்துப் பேரிடம் இலட்சம் இலட்சமாக வாங்குவதைவிட, ஆயிரக்கணக்கானோரைத் தூத்துக்குடிக் கப்பலுக்கு உடையவர்களாக்குவதே நோக்கம். தன் கப்பல் என்று எண்ணுபவன் எதிரிக் கப்பலில் ஏற மாட்டான் என்பது அதிலுள்ள வணிகக் கணக்கு.

பெருந்தொகை தந்தோரும் இருந்தார்கள். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் தந்து கம்பெனியின் செயலாளரானார். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சி. உதவிச் செயலாளர். மீதிப் பங்குகளை விற்க வ.உ.சி. ஊர் ஊராக அலைந்தார். பம்பாய் வரை சென்றார். 'இந்தியா' இதழில் பாரதியார் கம்பெனிக்காக எழுதினார். கடையத்து மருமகனாகிய அவரை நம் தென்காசி வட்டாரத்தார் உறவு கொண்டாடுவதில் தவறில்லை.

முதலில் வாடகைக் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் நெருக்குதலால் கப்பலை வாடகைக்குத் தந்தவர்கள் பின்வாங்கினார்கள். கொழும்பிலிருந்து வேறொரு கப்பல் வாடகைக்கு வந்தது. சொந்தக் கப்பல் இல்லாமல் பிழைக்க முடியாதென்று கண்டு, 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. அவை தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பங்குதாரன் ஒருவன் கடற்கரையில் நின்று அக்கப்பலைக் கண்டிருந்தால் அவன் நெஞ்சு எப்படி விம்மியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு அவனுடையது!

அதன்பின் நடந்தது கட்டணப் போர். எதிரிக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. எதிரி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, குடையும் கொடுத்தான். இக்கதையைச் சொல்லும்போது நாம் சிரிக்கிறோம். குடை வாங்கியவனை ஏசுகிறோம். ஆனால் பங்குதாரனின் கண்ணால் பார்த்தால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கப்பல் நிறைந்து சென்றாலும் காலியாகச் சென்றாலும் நிலக்கரி எரியும். மாலுமிக்குச் சம்பளம் உண்டு. துறைமுகக் கட்டணம் உண்டு. பிரிட்டிஷ் கம்பெனிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள். இரங்கூனிலும் கல்கத்தாவிலும் பாரசீக வளைகுடாவிலும் ஈட்டிய இலாபத்தைக் கொண்டு தூத்துக்குடி வழியில் நட்டத்தைத் தாங்க அதனால் முடியும். நம் கம்பெனிக்கு இருந்தது ஒரே வழி, இரண்டே கப்பல். பங்குதாரன் தந்த 25 ரூபாயிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் சிறிது சிறிதாக நிலக்கரியாய் எரிந்துகொண்டிருந்தது. இதைத்தான் நிதித்துறையில் மூலதனத்தைத் தின்பது என்கிறோம்.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடிக் கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் 12-ஆம் நாள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் நெல்லை எரிந்தது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கம்பெனியோ தலைமை இழந்து தள்ளாடி 1911-இல் கலைக்கப்பட்டது. அவர் விடுதலை பெற்றது 1912 டிசம்பர் 24-ஆம் நாள். வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

அந்த 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டைக்காரர். இன்று அவ்வூர் நம் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. தூத்துக்குடியில் அதிகாரியாயிருந்தபோது சுதேசிக் கம்பெனியை ஒடுக்கியதற்கு ஆஷ் பெற்ற தண்டனை இது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதத்தில் கம்பெனியைப் பற்றிய பேச்சு இல்லை; ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் பற்றியே இருந்தது. ஆயினும் கம்பெனியின் வீழ்ச்சி அக்காலத்து இளைஞர் நெஞ்சில் மூட்டிய கனலை யாரும் மறுக்கவில்லை. பங்குச் சந்தைப் புள்ளிகள் சரிந்தால் இன்று நாம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கிறோம். ஒரு கம்பெனியின் சரிவு துப்பாக்கி வரை சென்ற ஊர் இது.

இனி, அந்த 25 ரூபாய்க்காரன் ஏமாளியா என்ற வினாவுக்கு வருவோம். நான் அப்படிக் கருதவில்லை. கம்பெனி பதிவான ஆறாம் நாள், அக்டோபர் 22 அன்று, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அது வெள்ளையர் நடத்திய பழம்பெரும் நிறுவனம். ஓய்வூதியக்காரரும் கைம்பெண்களும் கோயில்களும் நம்பிப் பணம் போட்டிருந்த இடம். அதில் போட்டவர்கள் பாதுகாப்பைத் தேடிப் போட்டார்கள். பாதுகாப்பே மோசம் போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதம் சிறை சென்றார். அந்த அடியின் விளைவாகவே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி எழுந்தது. ஆக, அந்த அக்டோபரில் 'நிச்சயம்' என்று நம்பப்பட்டதில் போட்டவனும் இழந்தான். 'துணிவு' என்று அறிந்தே போட்டவனும் பின்னர் இழந்தான். இரண்டாமவனுக்கு எதில் இறங்குகிறோம் என்பதாவது தெரிந்திருந்தது. மேலும், பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனிச் சட்டத்தின்கீழ் அவன் இழக்கக்கூடியது அந்த 25 ரூபாய் மட்டுமே. கம்பெனியின் கடனுக்காக எவரும் அவன் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. கூட்டு வணிகத்தில் பங்காளியின் கடனுக்காக வீட்டையும் நகையையும் இழந்த குடும்பங்களை நம் கடைத்தெருக்கள் அறியும். அவற்றோடு ஒப்பிட இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது விளங்கும்.

ஆனால் ஒரு குறை அவனுக்கு இருந்தது. அதுவே என் பார்வையில் முதன்மையானது. வாங்கிய பங்கை விற்க அவனுக்கு இடமில்லை. பம்பாய்க்காரனுக்கு ஆலமரத்தடியாவது இருந்தது. சென்னையில் பங்குச் சந்தை தோன்றியதே 1920-இல்; அதுவும் மூன்றாண்டுகளில் மூடப்பட்டு, 1937-இல் மீண்டும் உயிர்த்தது. கட்டணப் போர் தொடங்கியவுடன், "இது தாங்காது, பாதி விலைக்காவது தள்ளிவிடுவோம்" என்று நினைத்த பங்குதாரன் யாரிடம் தள்ளுவான்? வாசல் உள்ளே போக மட்டும் திறந்திருந்தது. பங்கு மலிவாகக் கிடைப்பது பெரிதன்று. வேண்டும்போது வெளியேற முடிகிறதா என்பதே பெரிது.

சுதேசிக் கம்பெனி கலைந்த எட்டாம் ஆண்டில், 1919-இல், பம்பாயில் சிந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி எழுந்தது. அதை எழுப்பியவர்களுள் முதன்மையானவர் சோலாப்பூர்ச் சமணக் குடும்பத்தில் பிறந்த வால்சந்த் ஹீராசந்த். அதன் லாயல்டி என்னும் கப்பல் ஏப்ரல் 5-ஆம் நாள் பம்பாயிலிருந்து லண்டன் புறப்பட்டது. இன்றும் அந்நாளையே தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறோம். அவர்களையும் அதே எதிரி, அதே கட்டணப் போரால் தாக்கினான். அவர்கள் தாக்குப்பிடித்து, 1923-இல் ஓர் உடன்பாட்டுக்கு எதிரியை வரவழைத்தார்கள். வ.உ.சி.யைவிட அவர்கள் வீரர்கள் என்பதனாலா? இல்லை. அவர்கள் மூலதனம் நாலரைக் கோடி. இவருடையது பத்து லட்சம். நாற்பத்தைந்து மடங்கு வேறுபாடு. அதோடு, அவர்களுள் எவரையும் அரசு செக்கில் பூட்டவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த காலத்தை விரைந்து கடந்துவிடலாம். 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தால் வெளிநாட்டுக் கம்பெனிகள் தம் பங்கைக் குறைத்து இந்தியருக்கு விற்க நேர்ந்தது. விலையை நிர்ணயித்தது சந்தையன்று. மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவர் வைத்த விலை மிக மலிவு. 1977-இல் ரிலையன்ஸ் பத்து ரூபாய் முகமதிப்பிலேயே பங்கு விற்றது. நடுத்தரக் குடும்பங்கள் பங்கு என்ற சொல்லை அச்சமின்றிச் சொல்லப் பழகியது அந்தப் பத்தாண்டில்தான். 1992-இல் அந்த அதிகாரியின் பதவி நீக்கப்பட்டது. செபி சட்டபூர்வ அதிகாரம் பெற்றது. அவ்வாண்டே பெரும் பங்கு ஊழலும் வெடித்தது.

என் சிற்றப்பா அக்காலத்துப் பங்குதாரர். விண்ணப்பப் படிவத்தை வங்கியில் வாங்கி, நிரப்பி, வரைவோலையோடு அனுப்பி, மூன்று மாதம் தபால்காரரை எதிர்பார்த்திருப்பார். அன்று சந்தையில் ஐம்பதாகவோ நூறாகவோதான் பங்குகளை விற்க முடியும். அதற்குக் குறைந்தால் 'ஆட்லாட்' என்று விலையைக் குறைப்பார்கள். அவரிடம் ஒரு கம்பெனியின் முப்பது பங்குகள் அப்படிக் கிடந்தன. ஒருமுறை விற்க அனுப்பினார். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தது. பக்கவாதத்தால் அவர் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. நான்கு முறை கையொப்பமிட்டு அனுப்பியும் நான்கும் திரும்பின. மகள் திருமணத்துக்காக விற்க நினைத்த பங்குகள் அவை. அப்பத்திரங்கள் இன்றும் அந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கைக் கைமாற்ற இயலாது. மின்கணக்குக்கு மாற்றினால்தான் உண்டு. ஏழாண்டுகள் தொடர்ந்து ஈவு கோரப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குச் சென்றுவிடும். உரியவர் ஆவணங்களோடு விண்ணப்பித்து மீட்கலாம். இம்மலரைப் படிப்போர் வீட்டு டிரங்குப் பெட்டிகளிலும் இத்தகைய காகிதங்கள் உறங்கக்கூடும். திறந்து பாருங்கள்.

1996-இன் வைப்பகச் சட்டம் இவ்வளவையும் மாற்றியது. பங்கு காகிதத்திலிருந்து கணக்கேட்டுப் பதிவாயிற்று. ஒற்றைப் பங்கை வாங்கலாம். ஒற்றைப் பங்கை விற்கலாம். வாங்கிய மறு வணிக நாளில் கணக்கில் சேர்கிறது. நான்கு லட்சம் ரூபாய்க்குள் வைத்திருப்போருக்கான அடிப்படை மின்கணக்குக்கு ஆண்டுக் கட்டணமும் இல்லை. நேல்ட்கென் கார்னலிஸுக்கும் தூத்துக்குடிக்காரனுக்கும் கிட்டாத எளிமை இது.

எனினும் தம்பியின் ஐந்நூறு ரூபாயை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். தரகு இல்லை என்று விளம்பரம் செய்கிறார்கள், உண்மைதான். ஆனால் வாங்கும்போதும் விற்கும்போதும் நூற்றுக்குப் பத்துப் பைசா பரிவர்த்தனை வரி உண்டு. விற்கும் நாளில், ஒரு பங்கை விற்றாலும் ஆயிரம் பங்கை விற்றாலும், வைப்பகக் கட்டணம் பெரும்பாலும் பதினைந்து இருபது ரூபாய் அளவில் ஒரே தொகையாகப் பிடிக்கப்படும். இலட்ச ரூபாய்க்காரனுக்கு அது தூசி. ஐந்நூறு ரூபாய்க்காரனுக்கோ நூற்றுக்கு மூன்று நான்கு. அடிக்கடி வாங்கி அடிக்கடி விற்றால் அந்தத் துளையிலேயே முதல் ஒழுகிவிடும். சிறுதொகைக்காரன் வாங்கி வைத்திருக்கலாம், ஆடக் கூடாது. மாதம் நூறோ ஐந்நூறோ பரஸ்பர நிதியில் செலுத்தும் வழி அவனுக்கு இதைவிடச் சிக்கனம் என்பதையும் சொன்னேன்.

"அப்படியானால் ஏழு ரூபாய்ப் பங்கு?" என்றான் மறுபடியும்.

பங்கின் விலை ஏழு ரூபாய் என்பதால் அது மலிவு என்றாகாது. ஒரு கம்பெனி தன்னை எத்தனை துண்டாக வெட்டிக்கொண்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நூறு கோடி துண்டுகள் இருந்தால் ஏழு ரூபாய்ப் பங்கின் கம்பெனிக்கு நீ தரும் விலை எழுநூறு கோடி. அவ்வளவு பெறுமா என்பதே கேள்வி. மறுபுறம், 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய சிறு கூடத்திலிருந்து வளர்ந்த எம்.ஆர்.எஃப்.பின் ஒற்றைப் பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மொத்தப் பங்குகளே ஏறத்தாழ 42 லட்சம்தான். அதனால் துண்டு பெரிது. அதில் பாதிப் பங்கு, கால் பங்கு என்று வாங்க நம் நாட்டில் இன்னும் வழியில்லை. நம் ஊருக்கு அருகிலேயே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து உலகெங்கும் மென்பொருள் விற்கும் ஸோகோவின் பங்கு எவ்வளவு என்று கேட்டான். அது சந்தைக்கே வராத தனியார் நிறுவனம். பணம் இருந்தாலும் வாங்க முடியாது என்றேன். சிறிது ஏமாற்றமடைந்தான்.

கைப்பேசியில் அந்த ஏழு ரூபாய்க் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் தேடி எடுத்தோம். அவன் இலாபத்தைப் பார்க்கப் போனான். நான் கடன் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். பின்னர், வழக்கமாக ஒரு நாளில் அதன் பங்குகள் எத்தனை கைமாறுகின்றன என்று பார்க்கச் சொன்னேன். சில நாள்களில் விற்போர் பட்டியல் நீண்டிருந்தது. வாங்குவோர் பக்கம் ஒருவரும் இல்லை. "விற்க நினைத்தால் யாரிடம் விற்பது?" என்று அவனே கேட்டான்.

மழை விட்டிருந்தது. அவன் அன்று எதையும் வாங்கவில்லை. தூத்துக்குடிக் கம்பெனியின் பங்குப் பத்திரம் எங்காவது பார்க்கக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டுச் செங்கோட்டைப் பேருந்தில் ஏறினான்.